பதினான்காம் வாரம்

சோவியத் போனபின் வந்த மூன்றாவது குளிர்காலம்.
குதாய்சியில் அப்போது
மின்சாரம் விருந்தாளி மாதிரி.
சொல்லாமல் வரும்,
கெண்டியில் தண்ணீர் சுடுவதற்குள் கிளம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மட்டும்
எங்கள் கட்டடத்துக்கு
பாத்ரியின் கார்தான் மின்நிலையம்.
ஜிகுலியின் முன்வாயைத் திறந்து
பேட்டரியைக் கழற்றி
கைக்குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு
நான்கு மாடி ஏறுவார்.
அமிலம் பட்டு ஓட்டை விழுந்த கோட்டு.
பின்னால் நாங்கள் ஒன்பது பேர்,
கையில் ஆளுக்கொரு விறகுக்கட்டை.
அதுதான் டிக்கெட்.

கறுப்பு வெள்ளைப் பெட்டி. திரை ஒரு சாண்.
அதற்குள் தபால்கார நத்தை, பெயர் லொக்கோ.
கம்பளி உடம்பு. முதுகில் ஓடு என்று இருந்தது
ஏதோ சமையலறையில் காணாமல் போன மூடி.
பையில் ஒரே ஒரு கடிதம்.
யாருக்கு என்று அதற்கே தெரியாது.
உறையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
மலைக்கு அந்தப் பக்கம், கடைசிக் கதவு.

மூன்றாம் வாரம் ஆற்றில் விழுந்தது.
ஆறாம் வாரம் பாத்ரிக்குக் காய்ச்சல்.
ஏழாம் வாரம் பார்த்தால் லொக்கோ தலையில் தொப்பி இல்லை.
எப்படித் தொலைந்ததென்று
இன்றுவரை சண்டை.

பதினான்காம் வாரம்
கதவு வந்தது.
லொக்கோ கொம்பால் தட்டியது.
உள்ளே செருப்புச் சத்தம்.
தாழ்ப்பாள் நகர்ந்தது.
கீற்றாக வெளிச்சம்,

படம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கி
கோடு புள்ளியாகி
புள்ளியும் போனது.

யாரும் கத்தவில்லை.
பாத்ரி குனிந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்.
"உயிர் இல்லை" என்றார், டாக்டர் மாதிரி.

மறுநாள் கார் கிளம்பவில்லை.
சாம்த்ரேதியா சந்தைக்குப் போக வேண்டிய
அக்ரூட் மூட்டைகள் உள்ளே.
ஒன்பது பேரும் தள்ளினோம்.
பனிச்சேற்றில் வழுக்கிக்கொண்டே
ஆளாளுக்கு அந்தக் கதவைத் திறந்தோம்.
உள்ளே போலீஸ் என்றான் ஸாஸா.
ரொட்டி அடுப்பு, எரிந்துகொண்டிருக்கிறது என்றாள் மாக்வாலா.
வீட்டில் யாருமே இல்லை,
லொக்கோவே கடிதத்தைப் பிரித்து
வாசலில் உட்கார்ந்து படித்தது என்றான் நுக்ரி.
ஆறு வயது. அவனுக்கே அப்போது படிக்கத் தெரியாது.
நான் சொல்ல வாயைத் திறந்தபோது
சரிவில் எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.
வாய் நிறையப் புகை.

இருபத்தொன்பது வருடம்.
ஸாஸா தெசலோனிக்கியில் மீன் லாரி ஓட்டுகிறான்.
நேற்று இரவு ஒரு சுட்டி அனுப்பினான்.
நிலையத்தின் பழைய நாடாக்களை
யாரோ தூசி தட்டி ஏற்றியிருக்கிறார்கள்.
பதினான்காம் வாரம், பதினோரு நிமிடம்.

லொக்கோ ஆரஞ்சு நிறம்!
இத்தனை காலமும் என் லொக்கோ
துவைத்துத் துவைத்து வெளுத்த
பள்ளிக் காலுறை நிறத்தில் அல்லவா ஊர்ந்தது?
கம்பளிக்குக் கீழே ஒரு மணிக்கட்டு தெரிகிறது,
கைக்கடிகாரத்தோடு.

தாழ்ப்பாள். கீற்று.
வங்கியிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல்
நாற்பது வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இந்தத் தடவை பேட்டரியில் எண்பது சதவீதம்.
தப்பிக்க வழியில்லை.

திறந்தது ஒரு நரி. கொட்டாவி விட்டது.
கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தது.
அனுப்பியவர் பல் மருத்துவர்.
இரவிலும் பல் தேய்க்க வேண்டுமாம்.
பிறகு ஒரு பாட்டு. பிறகு பெயர்கள்.

பதினான்கு வாரம்!
ஒரு கார் பேட்டரி!
அந்தக் குளிரில் அத்தனை விறகு!

சிரிப்பு அடங்க நேரமானது.
எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தேன்.
பிறகு எங்கள் குழுவில் எழுதினேன்:
"கதவு திறக்கிற இடத்தில் நின்றுவிடுகிறது.
நாடா கெட்டுப்போயிருக்கும்."

மாக்வாலா ஓர் அழுமுகம் போட்டாள்.
"அப்படியானால் நான் சொன்னதுதான்" என்றான் நுக்ரி.
ஸாஸா எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது,
நின்றது,
மறுபடி காட்டியது.
கடைசியில் வந்தது:

"எனக்கும் அங்கேதான் நின்றது."